மனிதவளத் துறையில் இருப்பவருக்கு ஐ-ஓ சைக்காலஜி கிராஜுவேட் சர்ட்டிபிகேட் எந்த அளவுக்கு உதவும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் மனிதவளத்தில் எம்.பி.ஏ. முடித்து, கணவரின் வேலை விசாவைச் சார்ந்து கிடைக்கும் ஹெச்-4 விசாவில் வேலை அனுமதி பெற்று, டெக்சாஸில் சரக்குக் கிடங்குகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறீர்கள். விண்ணப்பங்களைப் பிரிப்பது, நேர்காணல் ஏற்பாடு செய்வது, சலுகைத் திட்டங்கள், புகார் விசாரணை ஆகிய அன்றாட வேலைகள் உங்களுக்குக் கைவந்துவிட்டன. ஆனால் எந்தத் தேர்வை வைப்பது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் உங்களுக்கு நாற்காலி இல்லை. ஆன்லைனில் 15 கிரெடிட் (பாட அளவுக்கான அலகு) கொண்ட தொழில்-நிறுவன உளவியல் (ஐ-ஓ சைக்காலஜி, அதாவது ஆள் தேர்வையும் பணியிட நடத்தையையும் ஆராயும் உளவியல்) கிராஜுவேட் சர்ட்டிபிகேட் படிப்பில் சேரலாமா, முடித்தால் ஐ-ஓ சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாமா, அல்லது நேராக மாஸ்டர்ஸ் படிப்பதுதான் சரியா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். இவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: பிறர் வகுத்த முறைகளை நடத்திக்கொடுப்பவர் என்ற இடத்திலிருந்து, அந்த முறைகளை வகுப்பவர் என்ற இடத்துக்கு ஓராண்டுப் படிப்பு உங்களைக் கொண்டுசேர்க்குமா?

நான் இந்தத் துறையில் முதுகலை முடித்துவிட்டு, அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆள் தேர்வுக்கான சோதனைகளும் நேர்காணல் முறைகளும் வடிவமைக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன். எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்களைப் படிக்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். எனவே படிப்பைப் பற்றியும் அதை வேலை தருபவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றியும் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். விசா தொடர்பாகக் கீழே சொல்வது பொது விவரம் மட்டுமே. உங்கள் கோப்பைப் பார்க்கும் வழக்கறிஞரின் சொல்தான் அதில் இறுதி.

உறுதியானவற்றில் தொடங்குகிறேன். சர்ட்டிபிகேட் முடித்தவர் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. அமெரிக்காவில் அந்தப் பட்டப்பெயரை மாநிலச் சட்டங்கள் காக்கின்றன; டெக்சாஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் முனைவர் பட்டமும், மேற்பார்வையில் செய்த பயிற்சியும், உரிமத் தேர்வும் இல்லாமல் அந்தப் பெயரைப் பொதுமக்கள் முன் பயன்படுத்தக் கூடாது. மாஸ்டர்ஸ் முடித்த நானே என் பெயருக்குக் கீழே அப்படிப் போட்டுக்கொள்வதில்லை. தேர்வு ஆலோசகர், திறன் மதிப்பீட்டு நிபுணர், பணியாளர் தரவுப் பகுப்பாய்வாளர் போன்ற பதவிப் பெயர்களில்தான் இத்துறையினர் பெரும்பாலோர் வேலை பார்க்கிறார்கள். நிறுவனங்களுக்குள் செய்யும் இந்த வேலைக்குப் பொதுவாக உரிமம் தேவைப்படுவதில்லை என்பதால், பட்டப்பெயர் கிடைக்காதது நடைமுறையில் பெரிய இழப்பும் அல்ல.

இரண்டாவது, அங்கீகாரம். அமெரிக்க உளவியல் சங்கமான ஏபிஏ அங்கீகாரம் அளிப்பது மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், பள்ளி உளவியல் ஆகிய நலவாழ்வு சார்ந்த படிப்புகளுக்கே. ஐ-ஓ படிப்புகள் அந்த வட்டத்துக்குள் வரவே வராது. இத்துறையின் சங்கமான சியோப், ஏபிஏவின் 14-ஆம் பிரிவாகவும் இருப்பது, படிப்புகளுக்கு முத்திரை குத்துவதில்லை. ஒரு முதுகலை அல்லது முனைவர் மாணவருக்கு எந்தெந்தத் திறன்கள் வர வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை மட்டும் வெளியிடுகிறது. ஆகவே, ‘ஏபிஏ அங்கீகாரம் இல்லை’ என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ‘சியோப் அங்கீகாரம் பெற்ற சர்ட்டிபிகேட்’ என்று எந்த விளம்பரமாவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, பல்கலைக்கழகம் முழுமைக்குமான நிறுவன அங்கீகாரம் மட்டுமே. டெக்சாஸ் முதலான தென்மாநிலங்களில் பெரும்பாலும் எஸ்ஏசிஎஸ்சிஓசி, மத்தியப் பகுதியில் ஹெச்எல்சி என்று அதற்கென அமைப்புகள் உள்ளன. அது இல்லாத இடத்தில் சேர்த்த கிரெடிட்டை இன்னொரு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது அரிது.

மூன்றாவது, வேலைவாய்ப்பு எண்கள். இந்தப் படிப்பை விற்கும் பக்கங்களில் ‘அமெரிக்காவின் மிக வேகமாக வளரும் தொழில்’ என்ற வரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது பொய்யல்ல, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் நிறுவனம் 2012 முதல் 2022 வரைக்கான கணிப்பில் ஐ-ஓ உளவியலாளர் பணி 53 சதவீதம் வளரும் என்று சொல்லி அதைப் பட்டியலின் உச்சியில் வைத்தது. ஆனால் அந்தச் சதவீதத்துக்குப் பின்னால் இருந்தது 1,600 பணியிடங்கள் 2,500 ஆகும் என்ற கணக்கு. நாடு முழுவதற்கும் பத்தாண்டுகளில் 900 இடங்கள்தான். ஊதிய எண்களும் இப்படித்தான்: 2021-இல் சுமார் 1,05,000 டாலராக இருந்த இடைநிலை ஊதியம் 2022-இல் சுமார் 1,39,000 டாலராகத் துள்ளியது. ஒரே ஆண்டில் யாருடைய சம்பளமும் அப்படி ஏறிவிடவில்லை. கணக்கெடுப்பில் அகப்படும் தலைகள் மிகக் குறைவு என்பதால் எண் ஆடுகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இத்துறையில் படித்தவர்களில் பெரும்பாலோர் வேறு பதவிப் பெயர்களில் இருப்பதால் அரசின் இந்த வரிசையில் எண்ணப்படுவதே இல்லை. அதே நிறுவனம் இந்தப் பணிக்கான நுழைவுத் தகுதியாகக் குறிப்பிடுவது முதுகலைப் பட்டம். சர்ட்டிபிகேட் அங்கே பேசப்படவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் அந்தப் படிப்பால் பயன் என்ன என்று கேட்பீர்கள். மனிதவளத்தில் எம்.பி.ஏ. படித்தவருக்கு ஊக்கம், தலைமைப் பண்பு, நிறுவனப் பண்பாடு போன்ற பாடங்கள் புதியவை அல்ல. மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணத்தை இன்னொரு முறை படிக்க நீங்கள் டாலர் கொடுக்க வேண்டியதில்லை. எம்.பி.ஏ. பெரும்பாலும் கற்றுத்தராமல் இந்தத் துறை கற்றுத்தருவது ஒன்றைத்தான்: மனிதரைப் பற்றி நாம் போடும் ஒரு மதிப்பெண் எதை அளக்கிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டு, அதற்குக் கணக்கோடு பதில் சொல்லும் பழக்கம். நம்பகத்தன்மை (மறுபடி அளந்தாலும் அதே விடை வருமா), ஏற்புடைமை (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா) என்ற இரண்டு கருத்துகளும், அவற்றுக்குப் பின்னால் உள்ள புள்ளியியலும்தான் இந்தப் படிப்பின் சாறு. மற்றவை சுற்றிவரும் பாடங்கள்.

உங்கள் கிடங்கையே எடுத்துக்கொண்டு இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர் பணிக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மூன்று மேலாளர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் பேசுவார்கள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’, ‘ஐந்தாண்டு கழித்து எங்கே இருப்பீர்கள்’ என்று கேட்பார்கள். பிறகு ஒரு தாளில் தொடர்பாற்றல், தலைமை, பொறுப்பு, குழுப்பணி என்ற நான்கு கட்டங்களில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்து ஒரு நாள் பாருங்கள். ஒரு மேலாளர் ஒரு விண்ணப்பதாரருக்கு 4, 4, 4, 4 என்றும் அடுத்தவருக்கு 2, 2, 2, 2 என்றும் போட்டிருப்பார். குறிப்புப் பகுதியில் ‘நல்ல பையன்’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கும். நான்கு பண்புகளை அளப்பதாகச் சொல்லும் தாள், உண்மையில் ஒரே ஒரு பொது அபிப்பிராயத்தை நான்கு முறை எழுதி வாங்குகிறது. நான் பார்த்த நிறுவனங்களில் கணிசமானவற்றில் இதுதான் நிலை. அந்தத் தாள்களைக் கோப்பில் போடும் மனிதவள அலுவலருக்குத்தான் இது முதலில் கண்ணில் படும், ஆனால் அதைச் சொல்வதற்கான மொழி அவரிடம் இருக்காது.

படிப்பில் சொல்லித்தரும் வழி வேறு. முதலில் பணிப் பகுப்பாய்வு: அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தரவுத்தளத்தில் அந்தப் பணிக்கு ஒத்த விவரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அந்த வேலையை நன்றாகத் தெரிந்த சிலரை உட்காரவைத்துப் பேசுவது. ‘ஒரு நல்ல மேற்பார்வையாளருக்கு என்ன குணம் வேண்டும்’ என்று கேட்டால் எல்லோரும் பொன்மொழிதான் சொல்வார்கள். ‘கடைசியாக ஒரு ஷிப்ட் கைமீறிப் போனது எப்போது, அன்று மேற்பார்வையாளர் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது’ என்று கேட்டால், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் இருவர் வராத இரவில் லாரிகள் வரிசைகட்டி நின்றதும், ஒருவர் யாரிடமும் கேட்காமல் பயிற்சியில்லாத ஆளை வண்டியில் ஏற்றியதும், இன்னொருவர் பக்கத்துக் கிடங்குக்குத் தொலைபேசி அடித்து ஆள் வாங்கியதும் வெளியே வரும். ஜான் ஃபிளானகன் 1954-இல் எழுதிவைத்த இந்த நிகழ்வு முறை இன்றும் வேலை செய்கிறது. அந்தச் சம்பவங்களிலிருந்தே நேர்காணல் கேள்விகளை எடுத்து, எந்த மாதிரி பதிலுக்கு ஒன்று, எதற்கு மூன்று, எதற்கு ஐந்து என்று முன்கூட்டியே எழுதிவைத்து, எல்லா விண்ணப்பதாரரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்பதுதான் கட்டமைக்கப்பட்ட நேர்காணல். பயிற்சியில்லாத ஆளை வண்டியில் ஏற்றுவேன் என்பவருக்கு ஒன்று. அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் ஒன்றுதான்.

இது சாதாரண நேர்காணலைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு. ஆனால் எவ்வளவு மேலானது என்பதில்தான் உறுதியும் ஐயமும் பிரிகின்றன. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 1998-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் திரட்டி, ஒவ்வொரு தேர்வு முறையும் பின்னாளைய வேலைத்திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒட்டுறவுக் கெழுவாகக் கொடுத்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). பொது அறிவாற்றல் சோதனைக்கு 0.51, கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கும் 0.51, கட்டமைக்கப்படாததற்கு 0.38. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் துறையில் இந்த எண்கள் வேதவாக்காக இருந்தன. 2022-இல் பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் அதே கணக்கை மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். வேலைக்கு எடுக்கப்பட்டவர்களின் திறனை மட்டுமே பிறகு அளக்க முடியும். தேர்வில் கழிக்கப்பட்டவர்கள் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் தொடர்பு உண்மையைவிடச் சிறிதாக இருக்கும் என்று கொண்டு, ஒரு திருத்தத்தால் அதை உயர்த்துவது வழக்கம். அந்தத் திருத்தத்தைப் பொருந்தாத ஆய்வுகளுக்கும் போட்டு எண்களை ஊதிவிட்டார்கள் என்பது சாக்கெட் குழுவின் வாதம். அவர்கள் கணக்கில் அறிவாற்றல் சோதனை 0.31-க்கு இறங்கியது, கட்டமைக்கப்பட்ட நேர்காணல் 0.42 பெற்று முதலிடத்துக்கு வந்தது, கட்டமைக்கப்படாதது 0.19 ஆனது. திருத்தத்தை எவ்வளவு போடலாம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும், இரண்டு கணக்கிலும் கட்டமைத்த நேர்காணல் கட்டமைக்காததைத் தாண்டி நிற்கிறது என்பதை நான் ஐயமில்லாமல் சொல்வேன்.

இந்த ஒரு விவாதத்தைப் பயன்படுத்தியே நீங்கள் சேர நினைக்கும் படிப்பை எடைபோடலாம். தேர்வுப் பாடத்தின் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 1998 கட்டுரை மட்டும் இருந்து 2022 கட்டுரை இல்லையென்றால், அந்தப் பாடத்தை யாரோ பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்துவிட்டுத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டும் இருந்து, மாணவர் அந்த வேறுபாட்டை விளக்கி எழுத வேண்டும் என்று ஒரு பணியும் இருந்தால், அங்கே கற்பிப்பவர் விழிப்போடு இருக்கிறார்.

சட்டப் பக்கமும் இந்தப் படிப்பில் கனமான பகுதி. மனிதவளத்தில் இருப்பவருக்கு இது உடனே கைகொடுக்கும். வட கரோலினாவில் டான் ரிவர் அனல்மின் நிலையத்தில் ட்யூக் பவர் நிறுவனம் நல்ல பணிகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் இரண்டு எழுத்துத் தேர்வுகளும் கட்டாயம் என்று வைத்திருந்தது. அந்த நிபந்தனைகள் கறுப்பினத் தொழிலாளர்களைப் பெருமளவில் வெளியே நிறுத்தின. வேலைக்கும் அவற்றுக்கும் தொடர்பிருப்பதாக நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. 1971-இல் உச்ச நீதிமன்றம், நோக்கம் கெட்டதாக இல்லாவிட்டாலும் விளைவு பாகுபாடாக இருந்து, தேர்வுக்கும் வேலைக்கும் தொடர்பும் இல்லையென்றால் அது 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 1978-இல் வந்த கூட்டரசு வழிகாட்டு விதிகளில் ஐந்தில் நான்கு பங்கு என்ற எளிய அளவுகோல் இருக்கிறது. உதாரணத்துக்கு, 80 ஆண்கள் விண்ணப்பித்து 48 பேர் தேறினால் தேர்ச்சி 60 சதவீதம். 40 பெண்கள் விண்ணப்பித்து 12 பேர் தேறினால் 30 சதவீதம். சிறியதைப் பெரியதால் வகுத்தால் 50 சதவீதம் வருகிறது. 80-க்குக் கீழே இருப்பதால் அந்தத் தேர்வு விளக்கம் சொல்லியாக வேண்டும். இந்த அளவுகோலை மீறுவது தன்னளவில் குற்றமல்ல, ‘இங்கே பார்’ என்று மணியடிப்பது மட்டுமே. இந்த நுணுக்கத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த அதிபர் ஆணை, விளைவின் அடிப்படையிலான இத்தகைய வழக்குகளுக்கு முன்னுரிமையைக் குறைக்குமாறு கூட்டரசு அமைப்புகளைப் பணித்தது. அதனால் அரசுத் தரப்பின் வேகம் தளரலாம். ஆனால் அந்தக் கோட்பாடு 1991-இல் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது, தனியார் தொடுக்கும் வழக்குக்கும் தடையில்லை. வரும் ஆண்டுகளில் நீதிமன்றங்கள் எந்தப் பக்கம் சாயும் என்று உறுதியாகச் சொல்லும் எவரையும் நான் நம்ப மாட்டேன்.

நிறுவனப் பக்கப் பாடங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இலக்கு நிர்ணயம், பணி வடிவமைப்பு, பணிநிறைவு, பணியிட நலம் ஆகியவை அங்கே வரும். எட்வின் லாக், கேரி லாதம் இருவரின் இலக்கு ஆய்வுகள் வலுவான அடித்தளம் கொண்டவை. 1924 முதல் 1932 வரை சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் நடந்த ஹாதார்ன் ஆய்வுகளைப் பற்றி, ‘கவனித்தாலே தொழிலாளர் உற்பத்தி உயரும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும் பாடம் என்றால் சற்று எச்சரிக்கையாக இருங்கள். பிற்கால மறுஆய்வுகள் அந்த முடிவு அவ்வளவு தெளிவானதல்ல என்று காட்டியிருக்கின்றன. எம்பிடிஐ போன்ற ஆளுமை வகைப்பாடுகளை ஆள் தேர்வுக்குப் பரிந்துரைக்கும் பாடம் என்றால், எச்சரிக்கை போதாது, அந்தப் படிப்பே வேண்டாம்.

இனி ஐயமானவற்றுக்கு வருகிறேன். இந்தச் சர்ட்டிபிகேட் உங்கள் சம்பளத்தை உயர்த்துமா, வேறு வேலை வாங்கித்தருமா என்பதற்கு நம்பத் தகுந்த பொது ஆதாரம் எதையும் நான் காட்ட முடியாது. பல்கலைக்கழகங்கள் காட்டும் முன்னாள் மாணவர் கதைகள் ஆதாரமாகா. நான் சொல்லக்கூடியது விண்ணப்பங்களைப் படித்த அனுபவத்தில் கண்டது. முன்னனுபவமே இல்லாமல் சர்ட்டிபிகேட் மட்டும் வைத்திருப்பவர், மாஸ்டர்ஸ் முடித்தவர்களோடு ஒரே குவியலில் வரும்போது பின்னுக்குப் போய்விடுகிறார். ஆறு ஆண்டு மனிதவள அனுபவத்தோடு, ‘எங்கள் நிறுவனத்தின் நேர்காணல் தாளை மாற்றினேன், மதிப்பிடுபவர்களுக்கு இடையிலான ஒத்திசைவை முன்னும் பின்னும் அளந்தேன்’ என்று ஒரு வரி எழுதக்கூடியவரை அழைத்துப் பேசத் தோன்றுகிறது. அந்த வரியை எழுத வைப்பது சான்றிதழ்த் தாள் அல்ல, அதற்காகப் படித்த பாடத்தை உங்கள் அலுவலகத்திலேயே செய்துபார்த்தது. ஆகவே உங்கள் நிலையில் இருப்பவருக்கு இந்தப் படிப்பின் பயன், வேலை மாறுவதைவிட இப்போதைய வேலைக்குள்ளேயே பொறுப்பு மாறுவதில்தான் அதிகம் என்பது என் கருத்து. வெளியே சென்று மதிப்பீட்டு நிறுவனங்களிலோ பெரிய நிறுவனங்களின் பணியாளர் ஆய்வுப் பிரிவுகளிலோ சேர வேண்டும் என்பதே குறிக்கோள் என்றால், மாஸ்டர்ஸைத் தவிர்க்க வழியில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டு. உங்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். பல பல்கலைக்கழகங்களில் சர்ட்டிபிகேட்டின் பாடங்களும் அதே துறையின் ஆன்லைன் மாஸ்டர்ஸின் பாடங்களும் ஒன்றே. சர்ட்டிபிகேட் பொதுவாக 12 முதல் 18 கிரெடிட், மாஸ்டர்ஸ் 30-க்கும் மேல். முதலாவதை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தால் அந்த கிரெடிட்டுகளை இரண்டாவதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இது தானாக நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சில இடங்களில் எல்லா கிரெடிட்டும் செல்லும், சில இடங்களில் ஒன்பது மட்டுமே செல்லும். குறைந்தபட்சம் பி கிரேடு வேண்டும். இத்தனை ஆண்டுக்குள் மாஸ்டர்ஸை முடிக்க வேண்டும் என்ற காலக்கெடுவும் இருக்கும். இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் இந்தச் சலுகை பெரும்பாலும் சுருங்கிவிடும். உங்கள் எம்.பி.ஏ.வைக் காட்டிப் பாடவிலக்குக் கேட்பதில் பயன் குறைவு; சேர்க்கைக்காக அதை அமெரிக்கத் தகுதிக்கு இணையானது என்று மதிப்பிட்டு வாங்கும் அறிக்கைக்கு மட்டும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

ஹெச்-4 நிலையில் இருப்பவர் விசாவை மாற்றாமலே படிக்கலாம் என்பதால், பகுதிநேர ஆன்லைன் படிப்பு உங்களுக்குச் சிக்கலில்லை. ஆனால் வேலை அனுமதி உங்கள் கணவரின் கிரீன் கார்டு நிலையோடு பிணைந்திருக்கிறது. என்றாவது எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய சூழல் வரலாம் என்று எண்ணினால் ஒரு விவரத்தைக் கவனத்தில் வையுங்கள். 2022 ஜனவரியில் ஐ-ஓ உளவியலை அமெரிக்க அரசு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் சேர்த்தது. படிப்புக்குப் பிந்தைய வேலைப் பயிற்சிக்காலத்தை 24 மாதம் நீட்டிக்க அது வழிவிடுகிறது. அந்த நீட்டிப்பு பட்டத்துக்கு மட்டுமே உரியது, சர்ட்டிபிகேட்டுக்குக் கிடையாது. இது ஒன்றே சிலருக்கு மாஸ்டர்ஸ் பக்கம் தராசைச் சாய்த்துவிடும்.

பணத்தைப் பற்றி. ஒரு கிரெடிட்டுக்குச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகிறது. பெயர் பெற்ற பல்கலைக்கழகம் என்பதற்காக மூன்று மடங்கு கொடுப்பது இந்தத் தகுதிக்கு நியாயமல்ல என்பது என் எண்ணம், ஏனென்றால் சர்ட்டிபிகேட்டை வேலை தருபவர்கள் பல்கலைக்கழகப் பெயருக்காக எடைபோடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. முதலில் உங்கள் நிறுவனத்தின் கல்வி உதவிக் கொள்கையைத் தேடிப் படியுங்கள். மனிதவளத்தில் இருந்துகொண்டே இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. அமெரிக்க வரிச் சட்டத்தின் 127-ஆம் பிரிவின்படி, நிறுவனம் பணியாளரின் படிப்புக்கு ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால் அதற்கு உங்களுக்கு வருமான வரி இல்லை. படிப்பை இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் பரவுமாறு அமைத்துக்கொண்டால் அந்த வரம்பை இரண்டு முறை பயன்படுத்தலாம். முடித்தபின் இத்தனை காலம் விலகக் கூடாது என்ற நிபந்தனை அந்தக் கொள்கையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க மனிதவள மேலாண்மைச் சங்கமான ஷ்ரம் தரும் சான்றிதழுக்குப் பதிலாக இதைச் செய்யலாமா என்றும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். அது தேர்வெழுதி வாங்கும் தொழில்தகுதி, வேலை விளம்பரங்களில் பெயர் சொல்லிக் கேட்கப்படுவது. இது கிரெடிட் சேர்க்கும் படிப்பு. மனிதவள மேலாளர் பதவிதான் அடுத்த படி என்றால் ஷ்ரம் மலிவானது, விரைவானது.

சேர்வதற்கு முன் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். புள்ளியியல் அல்லது ஆய்வுமுறைப் பாடம் கட்டாயமா, அதில் மாணவர் தானே தரவை வைத்து எஸ்பிஎஸ்எஸ் அல்லது ஆர் மென்பொருளில் கணக்குப் போட வேண்டுமா, பாடங்களை நடத்துபவர்கள் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்களா, எத்தனை கிரெடிட் மாஸ்டர்ஸுக்குச் செல்லும், அது எழுத்தில் கிடைக்குமா, சொந்த அலுவலகத்தின் தரவைப் பெயர் நீக்கிப் பயன்படுத்தித் திட்டப்பணி செய்ய அனுமதி உண்டா என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அது தலைமைப் பண்பைப் பற்றிய கட்டுரைகள் எழுதும் படிப்பு, எம்.பி.ஏ. வைத்திருக்கும் உங்களுக்கு அது தேவையில்லை. ஆம் என்று வந்தால் சேருங்கள், வரிசையை உங்கள் விருப்பத்துக்கு விட்டால் புள்ளியியல் பாடத்தையே முதல் பருவத்தில் எடுங்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது அது கேட்கும். எட்டு வாரப் பருவமாக இருந்தால் அதற்கு மேலும். இத்துறையில் எது பிடித்துப்போகும், எது பிடிக்காது என்பது அந்த ஒரு பாடத்திலேயே தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் மூன்று கிரெடிட் கட்டணத்தோடு விலகிக்கொள்ளலாம், மீதி பன்னிரண்டுக்கான பணம் உங்களிடமே இருக்கும்.